காரைக்குடியில் சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சி: முதல் நாள் சுமார், இரண்டாம் நாளுக்காகவே எடுக்கலாம்

விடுதி, ஜவுளிக்கடை, டைல்ஸ் பட்டறை, கேட்டரிங் என்று காரைக்குடி வட்டாரத்தில் நாலு பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி இது: "பிள்ளைகளுக்குப் பேசப் பழக்கிக் கொடுக்கிறாங்களாமே, காசு கொடுத்து அனுப்பலாமா?" நம் இடத்துக்கே வந்து நடத்தும் அப்படியொரு பயிற்சியைப் பற்றித்தான் இந்த விமர்சனம். இரண்டு முழு நாள், மூன்று வாரம் கழித்து ஒரு அரை நாள். ஒரு குழுவுக்கு 16 பேர் வரை. கட்டணம் தலைக்கு இல்லை, குழுவுக்கு. ஆகவே ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் சின்னக் கடைகள் இரண்டு மூன்று சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும். நடத்துவது தமிழில்.

இது வேலைக்கு ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கானது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு தமிழக அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. இன்டர்வியூவுக்குத் தயாராவது அங்கேயே நடக்கும். கோபத்தோடு போன் பண்ணும் கஸ்டமரிடமும், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியிடமும் என்ன பேசுவது என்பது வேறு பாடம். அந்தப் பாடம் இந்தப் பயிற்சியில் இரண்டாம் நாளில்தான் கிடைக்கிறது.

முதல் நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலை முழுக்க ஸ்லைடு. நீங்கள் எந்த வகை ஆள் என்று நாலு கட்டத்தில் ஒன்றில் உட்காரவைக்கும் கேள்வித்தாள், கைதட்டல், எழுந்து நின்று உறுதிமொழி. எதுவும் கெடுதல் செய்யாது, எதுவும் மனதில் நிற்கவும் நிற்காது. ஆனால் ஒரு ஸ்லைடை நீக்கியே ஆக வேண்டும். "நாம் சொல்வதில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55" என்கிற ஸ்லைடு அது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் ஒலிக்கவிட்டும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்பவர் எப்படி ஊகிக்கிறார் என்பதைத்தான் அவர் பார்த்தார். உணர்ச்சியைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே தெளிவுபடுத்தியும் இருக்கிறார். எல்லாப் பேச்சுக்கும் இதை நீட்டினால் என்ன ஆகும்? ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் பாதி வியாபாரம் போனில் நடக்கிறது. அங்கே கஸ்டமர் முகத்தையே பார்ப்பதில்லை; "எத்தனை சதுர அடி, எந்தத் தேதி" என்ற சொற்கள்தான் முழு விஷயமும். சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்று நம்பி வீட்டுக்குப் போகிற பையன், சொல்லைத் திருத்த ஏன் மெனக்கெடுவான்?

மரியாதை வார்த்தை பற்றிய பகுதியும் இந்த ஊருக்குச் சரியாகத் தைக்கப்படவில்லை. எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிடச் சொல்கிறார்கள். கண்டாங்கிச் சேலை எடுக்கக் கடைக்கு வரும் உள்ளூர்ப் பெரியம்மாவை "வாங்க ஆச்சி" என்று சொன்னால்தான் அவர் உட்காருவார். மேடம் என்றால் விலை கூட்டிச் சொல்லப் போகிறார்கள் என்று நினைப்பார். சென்னையிலிருந்து வந்த குடும்பத்துக்கு அதே ஆச்சி ஒட்டாது. கடைக்கு வருபவரை அவரோடு வந்தவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு அதன்படி போவதே இங்கே நடைமுறை. அனுபவப்பட்ட விற்பனையாளர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பயிற்சிக்காரர்கள் அவர்களிடம் கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதியிருப்பார்கள்.

முதல் நாளில் உருப்படியானது மதியம் நடக்கும் ஒரு மணி நேரம். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் ஒன்றரை நிமிடம் ஒரு ஆர்டரைச் சொல்ல வேண்டும்: ஹாலுக்கு 450 சதுர அடி, பூப்போட்ட டிசைன், சுற்றிலும் பச்சை பார்டர், பூஜை அறைக்கு வேறு டிசைன், திருச்சியில் இறக்க வேண்டும், கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் முன்னால் வர வேண்டும், நடுவில் "பச்சை வேண்டாம், சிவப்பு" என்று ஒரு மாற்றம். கேட்பவர் எழுதக் கூடாது. பிறகு திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டு: பார்டரின் அளவும், நடுவில் வந்த மாற்றமும். பார்டர் அளவை ஆர்டர் கொடுத்தவர் சொல்லவே இல்லை, கேட்டவரும் கேட்கவில்லை. அடுத்த சுற்றில் கையில் நோட்டு. எழுதி, படித்துக் காட்டி, "வேற ஏதாவது விட்டுப்போச்சாண்ணே?" என்று முடிக்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலாகத்தான் "ஆமா, படிக்கட்டுக்கும் வேணும்ல" என்ற வார்த்தை வரும். கையால் கலக்கும் நிறம் ஒரு தடவை போல் மறுதடவை அப்படியே அமையாது. விட்டுப்போன நாற்பது கல்லைப் பிறகு செய்து கொடுத்தால் தரையில் தனியாகத் தெரியும். அதனால் இது வெறும் மரியாதைக் கேள்வி இல்லை, பட்டறைக்கு நேரடியாகக் காசு மிச்சம்.

இரண்டாம் நாளுக்கு வருவோம். ஸ்லைடே கிடையாது. ஒரு வாரத்துக்கு முன்பே முதலாளியிடமும் வேலையாட்களிடமும் தனித்தனியாகப் பேசி, அந்த இடத்தில் உண்மையாக நடந்த சிக்கல்களை வாங்கிக்கொள்கிறார்கள். அதிலிருந்து நான்கு காட்சிகள். ஒவ்வொன்றையும் நடித்துப் பார்க்க வேண்டும். நின்று, வாயைத் திறந்து, வேலையில் பேசும் அதே தமிழில்.

தாமதமான டைல்ஸ் ஆர்டர் காட்சியைக் கிட்டத்தில் பார்த்தால் இந்தப் பயிற்சியின் தரம் தெரியும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். மழை பிடித்தால் கல் காய்வது தள்ளிப்போகும், தேதியும் தள்ளிப்போகும். இது பட்டறைக்குத் தெரியும், கோயம்புத்தூரில் வீடு கட்டுகிறவருக்குத் தெரியாது.

முதல் தடவை நடிக்கும்போது எல்லோரும் செய்வது கிட்டத்தட்ட ஒரே தப்பு. கஸ்டமர் கூப்பிடும்வரை காத்திருப்பது. எடுத்தவுடன் மழையைப் பற்றியும் சிமெண்டைப் பற்றியும் விளக்குவது. அவர் குரல் உயர்ந்ததும் பயந்துபோய் "நாளைக்கு ஏத்திருவோம் சார்" என்று ஒரு பொய்த் தேதி கொடுப்பது. இந்த மூன்றாவதுதான் கெடுதலிலெல்லாம் பெரியது. அந்தத் தேதியை நம்பி அவர் கல் பதிக்கும் ஆளை வரச் சொல்லியிருப்பார். கூலி வேறு போகும்.

திருத்திக் கொடுக்கும் வரிசை இது. அவர் கூப்பிடுவதற்கு முன் நாம் கூப்பிட வேண்டும். கெட்ட செய்தி முதல் பதினைந்து நொடிக்குள் வந்துவிட வேண்டும். பயிற்சியாளர் கடிகாரம் வைத்தே பார்க்கிறார். காரணம் ஒரே வரி. பிறகு அவர் தேர்ந்தெடுக்க இரண்டு வழி. கடைசியில் அடுத்து எப்போது பேசுவோம் என்ற நேரம். சேர்த்துச் சொன்னால் இப்படி வருகிறது:

"சார் வணக்கம், ஆத்தங்குடி பட்டறையில இருந்து பேசுறேன். உங்க கல்லு சொன்னபடி வெள்ளிக்கிழமை வராது சார், புதன்கிழமைதான் வரும். நாலு நாளா மழை, பாதிக் கல்லு காயலை. ஹாலுக்கு உள்ளது தயாரா இருக்கு. அதை மட்டும் வெள்ளிக்கிழமை ஏத்தி விடவா, இல்ல எல்லாத்தையும் சேத்து புதன்கிழமை அனுப்பவா? எப்படின்னாலும் திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு நானே கூப்பிட்டு நெலவரம் சொல்றேன்."

எதிரில் கஸ்டமராக நடிப்பவருக்குக் கத்தச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிச்சாச்சுய்யா, வெளையாடுறீங்களா?" இங்கே விதி ஒன்றுதான்: அவர் முடிக்கும்வரை குறுக்கிடாதே, முடித்ததும் "ஆனா" என்று ஆரம்பிக்காதே. "பத்திரிகை அடிச்ச பிறகு இப்படிச் சொல்றது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியுது சார். ஹால் கல்லு வெள்ளிக்கிழமை வந்துட்டா பதிக்கிற வேலையை ஆரம்பிச்சிரலாமா?" என்று அவருடைய நஷ்டத்தை ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டு, உடனே வேலைக்குத் திரும்ப வேண்டும். "மன்னிச்சுக்கங்க" என்று ஐந்து தடவை சொன்னால் அவர் கோபம் கூடத்தான் செய்யும். வழி எதுவும் தெரியவில்லையே என்ற பயம் அது.

ஒரு தடவை நடித்துவிட்டு, கருத்துக் கேட்டுவிட்டு உட்கார விடுவதில்லை. அதே ஆள் அதே இடத்தில் உடனே இன்னும் இரண்டு தடவை செய்ய வேண்டும். திருத்தமும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றுதான் சொல்கிறார்கள். சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்புகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த மறுபடி செய்வதுதான். கேட்டுத் தெரிந்துகொண்டது அழுத்தம் வந்தால் மறந்துபோகும். வாயில் புரண்ட வரி மறக்காது.

இன்னொன்றும் இவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். "ஹால் கல்லை மட்டும் அனுப்பவா?" என்று சொல்ல அந்தப் பையனுக்கு அனுமதி இருக்க வேண்டும். இரண்டு லோடு என்றால் வண்டிக் கூலி இரட்டிப்பு; அதை யார் தருவது? இதைத் தீர்மானிக்காமல் இனிமையாகப் பேசப் பழக்கினால் "முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்" என்பதை இனிமையாகச் சொல்வான், அவ்வளவுதான். அதனால் பயிற்சிக்கு முன்பே முதலாளியிடம் ஒரு பக்கத் தாளை நிரப்பச் சொல்லி வாங்குகிறார்கள்: யாரையும் கேட்காமல் வேலையாள் எவ்வளவு தள்ளுபடி தரலாம், எந்தப் பொருளை மாற்றித் தரலாம், எந்தப் பில்லில் எதைக் கழிக்கலாம். இந்தத் தாளைக் கேட்காத பயிற்சியை எடுக்க வேண்டாம் என்றே சொல்வோம்.

விடுதிக் காட்சி கானாடுகாத்தான் பக்கம் உள்ள பழைய வீட்டு விடுதிகளை மனதில் வைத்தது. செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்று நினைத்து வரும் விருந்தாளிக்கு மிளகு நாக்கைச் சுட்டுவிடுகிறது. உடனே சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ என்று மசாலாவின் பெருமையை விளக்கத் தொடங்குவது தப்பு. முதலில் தட்டை நகர்த்தி, தயிரும் வெறும் சோறும் வைக்க வேண்டும். பேச்சு அதற்குப் பிறகு. வெளிநாட்டவரிடம் பேச மனப்பாடம் செய்துகொடுக்கும் நீண்ட ஆங்கில வாக்கியங்கள் பாதியில் சிக்கி நின்றுவிடுகின்றன. "ஐ வில் செக் அண்ட் கம், ஃபைவ் மினிட்ஸ்" போதும். ஐந்து நிமிடத்தில் திரும்பி வருவதுதான் முக்கியம். பயிற்சி அட்டையில் இன்னும் அந்த நீண்ட வாக்கியங்கள்தான் அச்சாகியிருக்கின்றன.

மூன்றாவது காட்சி மேலே இருப்பவரிடம் கெட்ட செய்தி சொல்வது. நம் ஊரில் இதுதான் எல்லாவற்றிலும் கடினம். வேலைக்கு வருபவர் மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ சொல்லி வந்திருப்பார். முதலாளியிடம் ஒரு தப்பைச் சொன்னால் அது ஊருக்கே போகும் என்ற பயம் உள்ளே உட்கார்ந்திருக்கும். எடுத்துக்கொண்ட நிலைமை: கல்யாணத்துக்காக அட்வான்ஸ் கொடுத்து எடுத்துவைத்திருந்த கண்டாங்கிச் சேலையை, கூட வேலை பார்ப்பவர் தெரியாமல் இன்னொருவருக்கு விற்றுவிட்டார். காரைக்குடிக் கண்டாங்கி 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிச் சேலை. அதே நிறக் கட்டத்தில் நாளைக்கே இன்னொன்று வேண்டும் என்றால் தறியிலிருந்து வராது. ஆகவே சொல்லத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பணம்.

சொல்ல வேண்டிய ஒழுங்கு நான்கு வரி. என்ன நடந்தது, அதனால் யாருக்கு எப்போது சிக்கல், இதுவரை என்ன செய்திருக்கிறேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும். "அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. அட்வான்ஸ் வாங்கி எடுத்துவச்ச அரக்குச் சேலை மத்தியானம் வேற ஆளுக்குப் போயிருச்சு. அவங்க ஞாயித்துக்கிழமை வாங்க வர்றாங்க. நெசவாளர்கிட்ட போன்ல கேட்டேன், அதே மாதிரி ஒண்ணு புதுவயல்ல இருக்கலாம்னு சொல்றாரு. நான் இப்பவே போய்ப் பாத்துட்டு வரவா?" யார் விற்றார்கள் என்ற பேச்சு இதில் இல்லை. முதலாளி கேட்டால் சொல்லலாம். தானாக முதல் வரியில் கொண்டுவந்தால் அடுத்த அரை மணி நேரம் சேலையைத் தேடாமல் ஆளைத் தேடுவதில் போய்விடும்.

இந்தக் காட்சியில் பயிற்சியாளர் சொல்லும் ஒரு வாசகத்தோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை: "பிரச்சினையோட வராதே, தீர்வோட வா." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தீர்வு தெரியாத இளையவர் அதைக் கேட்டுவிட்டுப் பிரச்சினையை அப்படியே வைத்துக்கொள்வார். தீர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தெரிந்த மணி நேரத்திலேயே வந்து சொல் என்பதுதான் கடைக்கு நல்லது.

ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்பது நான்காவது. முடியாமல் கிடப்பது, வாக்குக் கொடுத்தது, பழுதானது என்று மூன்று தலைப்பில் நோட்டில் எழுதி, அடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸ்ஆப் வாய்ஸ் வேண்டாம். எட்டாம் நம்பர் அறைக்கு ஐந்து மணிக்கு வெந்நீர் என்பது மூன்று நிமிட வாய்ஸில் இரண்டாவது நிமிடத்தில் புதைந்திருக்கும்.

இந்த ஊருக்கு இந்த முறை புதிதும் இல்லை. பர்மா, மலேயா, இலங்கை வரை கடை போட்ட இந்த ஊர் வணிகர்களான நகரத்தார், பெட்டியடிப் பையன் என்ற கடைசி நிலை உதவியாளாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாகித் தொழில் கற்றார்கள். வருகிறவரிடம் மேலாள் எப்படிப் பேசுகிறார், எப்படி இல்லை என்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியதே அவர்களுக்குப் பயிற்சி. இரண்டாம் நாள் அதற்குப் பக்கத்தில் வருகிறது. முதல் நாள் வரவில்லை.

முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் தனியாக ஒரு மணி நேரம் உண்டு. திருத்திச் சொல்வது எப்படி என்பது பாடம். சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்க நிறுவனம் பரப்பிய சூழல், செயல், விளைவு என்ற மூன்று படி முறையைப் பின்பற்றுகிறார்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்டா" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்குக் காலையில ஒன்பதரைக்கு ஒரு குடும்பம் வந்துச்சு. நீ போன்ல இருந்தே, பத்து நிமிஷம் நிமிரவே இல்லை. அவங்க எதையும் பாக்காம கெளம்பிட்டாங்க" என்று சொல்வது. முதல் வாக்கியத்துக்குப் பையனிடம் பதில் கிடையாது; இரண்டாவதற்கு உண்டு. அதையும் கஸ்டமர் முன்னால் சொல்லக் கூடாது, நாளைக்கு என்று தள்ளவும் கூடாது. நல்ல பகுதி. ஆனால் கட்டாயம் இல்லை என்பதால் பல முதலாளிகள் தலைகாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். உண்மையைச் சொன்ன வேலையாளுக்கு மறுநாள் எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தால், மூன்றாவது காட்சியில் பழகியதெல்லாம் அன்றோடு முடிந்தது. இந்த மணி நேரத்துக்கு உட்கார முடியாத முதலாளி, பயிற்சிப் பணத்தை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. "அனுசரித்துப் போவது" என்று ஒரு பகுதி நடத்துகிறார்கள். அதில் எதை அனுசரிக்கக் கூடாது என்ற பேச்சே இல்லை. ரிசப்ஷனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் ஜவுளிக்கடையிலும் பெண்கள்தான் அதிகம். அத்துமீறும் விருந்தாளியையோ மேனேஜரையோ சிரித்துச் சமாளிப்பது ஒரு திறமை அல்ல. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்களை விசாரிக்கப் பெண் ஒருவர் தலைமையில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலும், புகாரே முதலாளி மீது என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181. "சார், இந்த மாதிரிப் பேசாதீங்க. நான் மேனேஜரைக் கூப்பிடுறேன்" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்வதையும் ஐந்தாவது காட்சியாக நடித்துப் பழக்க வேண்டும். கேட்டால் சேர்த்துத் தருகிறார்கள். கேட்காமலே தர வேண்டியது.

மூன்று வாரம் கழித்து வரும் அரை நாளைத் தள்ளுபடி கேட்டு வெட்டிவிடாதீர்கள். பயிற்சியை எடைபோட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படி சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் வந்ததா. இரண்டாம் நாள் மாலையில் நிரப்பி வாங்கும் படிவம் முதல் படியை மட்டும் பார்க்கிறது. மூன்றாவது படி தெரிவது அந்த அரை நாளில்தான். அதுவரை கடையில் மூன்றே விஷயத்தை நோட்டில் குறித்து வையுங்கள்: தாமதத்தை நாம் முந்திச் சொன்னது எத்தனை தடவை, கஸ்டமர் கூப்பிட்டுத் தெரிந்துகொண்டது எத்தனை தடவை, எழுதிப் படித்துக் காட்டாமல் வாங்கிய ஆர்டர் எத்தனை. அந்த நோட்டு இருந்தால் அரை நாள் முழுக்க உங்கள் சொந்தச் சிக்கல்களே பாடமாகும். இல்லாவிட்டால் முதல் நாள் ஸ்லைடு திரும்பி வரும்.

எப்போது வைப்பது என்பதும் முக்கியம். விடுதிகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தொடவே வேண்டாம். வெயில் காலத்தில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது வையுங்கள். ஜவுளிக்கடைகள் ஆடித் தள்ளுபடியையும் தீபாவளியையும் தாண்டி எடுக்கட்டும். ரிசப்ஷன் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே குழுவில் போட்டால் நடுவில் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள், இரண்டாகப் பிரியுங்கள். பேரம் பேசும்போது விலையைக் குறைக்கச் சொல்வதை விட, முதல் நாளின் காலைப் பகுதியை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் இன்னும் இரண்டு காட்சிகள் வையுங்கள் என்று கேட்பது லாபம். நடிக்கும்போது திருத்திக் காட்டுவதற்காகச் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். அதை மூன்று வாரம் கழித்து வரும் அரை நாள் முடிந்ததும் அழித்துவிட வேண்டும், விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.